தொல்லை இல்லாத பிரிவு

எனக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. அந்த வாய் பேச வேண்டிய நாளில் ஊமையாகி, பேசக் கூடாத நாளில் பீற்றிக்கொண்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும்தான் கெடும். நான் பதினோரு பேரைக் கெடுத்தேன்.

நூற்றிருபது அறை ஹோட்டல். அதன் அடித்தளத்தில் சலவை அறை, ஜன்னல் கிடையாது. மாடிகளிலிருந்து அழுக்கு விரிப்புகள் ஒரு தகரக் குழாய் வழியாகச் சரிந்து எங்கள் காலடியில் விழும். என்னையும் சேர்த்துப் பதினோரு பெண்கள். நான் பொறுப்பாளர், பத்தொன்பது வருடமாக. ஊரில் மற்ற ஹோட்டல்களெல்லாம் துணியை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுச் சலவை அறையை உடற்பயிற்சிக் கூடமாக்கிவிட்டன. மிஞ்சியது எங்களுடையது மட்டும்தான். இதுவும் போனால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை.

எதிர்ச் சாரியில் ஒரு கண்ணாடி ஹோட்டல் முளைத்த பிறகு எங்களுடைய பாதி அறைகள் காலியாகக் கிடந்தன. முதலாளி பயந்துபோய், போட்டியை அலசிச் சொல்ல ஒரு கம்பெனியிலிருந்து ஆள் கூப்பிட்டார். வந்து இறங்கியது என் தம்பி. இரண்டு வாரம் என் வீட்டில்தான் தங்கினான்.

முதல் நாள் அவன் டை கட்டிக்கொண்டு சலவை அறைக்குள் வந்ததும், கஞ்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள். துணிக்குக் கஞ்சி போடுகிறவள், ஆளும் அதே விறைப்பு, அதனால் அந்தப் பெயர்.

"தம்பி, காலர்ல அழுக்கு இருக்கு. கழட்டிக் குடுத்துட்டு மேல போய் உக்காருங்க. காயறதுக்குள்ள போட்டி ஓடியா போயிடும்?"

அவன் சிரித்துக்கொண்டே கிழிந்த விரிப்பு ஒன்றைத் தேய்ப்பு மேசையில் விரித்தான். துணியில் அடையாளம் போடுகிற எங்கள் பேனாவை எடுத்து ஐந்து கட்டம் போட்டான். அந்த மை எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

"எந்தத் தொழிலா இருந்தாலும் இந்த அஞ்சு கட்டம்தான்க்கா. சிமென்டுக்கும் இதே, விமானத்துக்கும் இதே. ஒண்ணு, எதிர்ல இருக்கற போட்டிக்காரன். ரெண்டு, நாளைக்குப் புதுசாக் கடை விரிக்கப் போறவன். மூணு, நமக்குப் பதிலா வர்றது, இப்ப வீட்டையே போன்ல வாடகைக்கு விடறாங்களே, அந்த மாதிரி. நாலு, வாடிக்கையாளர். பத்து ஹோட்டல் விலையப் பார்த்துட்டுத்தான் நம்ம பக்கம் திரும்புவான். அஞ்சு, நமக்குப் பொருளோ உழைப்போ தர்றவங்க. எரிபொருள் தர்றவன் கைய மடக்கினா விமானம் தரையிலேயே நிக்கும். அதுதான் அவன் பலம்."

"அப்போ இங்க லிஃப்ட் கம்பெனிக்காரன்தான் ராஜா," என்றேன். "அவன் ரெண்டு நாள் வரலைன்னா முதலாளியே போன் பண்ணிக் கெஞ்சுவாரு."

அவன் அதைக் குறித்துக்கொண்டான். பிறகு கேட்டான். "நீங்க பதினோரு பேரும் ஒரு நாள் வரலைன்னா என்னக்கா ஆகும்?"

இப்போது நினைத்தாலும் என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது. அதற்குப் பதில் எனக்குத் தெரியும். மூன்று மணிக்குள் விரிப்பு மேலே போகாவிட்டால் ஒரு அறையைக்கூடக் கொடுக்க முடியாது. இதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் எனக்கு அது மானக்கேடான பேச்சாகப் பட்டது.

"வராம இருப்பமா? என்ன பேச்சுடா பேசறே? பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள் துணி லேட்டானதில்ல. மெஷின் கெட்டப்போ ராப்பகலாக் கையால துவைச்சோம். சம்பளம் ஏத்திக் குடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேட்டுப் பாரு மேனேஜர."

கஞ்சி முணுமுணுத்தாள். "அழுத பிள்ளைக்குத்தான் பால். நாம அழவே இல்லையே."

"நீ சும்மா இரு," என்று அவளை அடக்கினேன். பெருமைக்கு எருமை மேய்க்கிற புத்தி.

பத்து நாள் கழித்து, தேநீர் கொடுக்கப் போனபோது அவன் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பக்கம் தெரிந்தது. 'சலவை: தொல்லை இல்லாத பிரிவு. பேரம் பேசும் வலு: இல்லை.' எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பேரம் பேசாதவர்கள், தொல்லை தராதவர்கள் என்று தம்பி எங்களைப் புகழ்ந்திருக்கிறான் என்றுதான் படித்தேன். அவன் சட்டென்று திரையை மூடினான்.

"அக்கா, வேற எங்கயாவது வேலை பார்க்கலாம்னு நீ யோசிச்சதே இல்லையா?"

"எதுக்குடா? இங்கதான் நல்ல பேரு இருக்கே."

அவன் தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். மறுநாள் நான் சலவை அறைக்குப் போய், அறிக்கையில் நமக்கு நல்ல பெயர் என்று பத்துப் பேரிடமும் தம்பட்டம் அடித்தேன். கஞ்சிகூடச் சிரித்தாள்.

மாதக் கடைசியில் மேனேஜர் கீழே இறங்கிவந்து ஒரு தாளைப் படித்தார். முதல் தேதியிலிருந்து துணி வெளிக் கம்பெனிக்கு. அதற்கு மறுநாள் இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போவார்கள். லிஃப்ட் கம்பெனிக்கு ஒப்பந்தத்தை ஐந்து வருடம் நீட்டித்திருந்தார்கள்.

ஊருக்குத் திரும்பிவிட்ட தம்பியைப் போனில் பிடித்தேன். "என்னடா எழுதித் தொலைச்சே?"

"நீ சொன்னதத்தான்க்கா."

"நான் எங்களப் பத்தி நல்லதாத்தானடா சொன்னேன்."

"அதத்தான்க்கா எழுதினேன். அக்கா இருக்கற இடம்னு பார்த்து மாத்தி எழுத முடியுமா? என் வேலை போயிடும்."

அவன் வேலை. நான் போனை வைத்துவிட்டேன். வயிறு எரிந்தது. அவன் மேலா என் மேலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முதல் தேதி, சீருடையைத் திருப்பிக் கொடுக்கப் பதினோரு பேரும் போயிருந்தோம். பதினோரு மணிக்கு மேனேஜர் படிக்கட்டில் மூச்சிரைக்க இறங்கிவந்தார். இருப்பிலிருந்த விரிப்புகளையெல்லாம் முந்தின நாளே வெளிக் கம்பெனி மாநாட்டுக்குத் துவைத்துத் தருவதாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அங்கே கொதிகலன் வெடித்துவிட்டதாம், துணி நாளைக்குத்தான் வருமாம். மூன்று மணிக்கு டாக்டர்கள் மாநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். நூற்றிருபது அறையும் நிறைகிறது, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக. மேலே ஒரு கட்டிலிலும் விரிப்பு இல்லை. புது விரிப்பு வரும் என்று காலையில் எல்லா அறையிலும் உருவிப்போட்ட துணி எல்லாம் எங்கள் காலடியில் மலையாகக் கிடந்தது.

"உங்களத்தான் நம்பியிருக்கேன்மா," என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அவர் படியேறிப் போனதும் கஞ்சி என் கையைப் பிடித்தாள். "இப்ப கேளுக்கா. எல்லாருக்கும் வேலைன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு. இல்லைன்னா ஒரு துணியும் மேல போகாது."

பத்து முகங்களும் என்னையே பார்த்தன. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றேகால். துவைக்க நாற்பது நிமிடம், காய அரை மணி. ஐந்து இயந்திரமும் சேர்ந்து ஓடினால், கறைத் துணியை மட்டும் தனியே ஒதுக்கினால், மூன்று மணிக்குள் முடித்துவிடலாம். என் கை அதற்குள் குனிந்து கறைத் துணியை ஒதுக்க ஆரம்பித்திருந்தது. சத்தியமாக நான் அதைச் செய்யச் சொல்லவில்லை.

கஞ்சி என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடித்து வைத்திருந்த சீருடையை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்குத் தம்பி போன் செய்தான். மேனேஜர் அவனைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்.

"அக்கா, நல்லாக் கேட்டுக்கோ. இன்னிக்கு நீங்க சொல்றதுதான் அங்க சட்டம். எழுதிக் குடுக்கற வரைக்கும் மெஷினத் தொடாதீங்க. நான் எழுதினது தப்புன்னு காட்டுக்கா. கேக்குதா? அங்க என்ன சத்தம்?"

"மூணாவது லோடு ஓடுதுடா," என்றேன்.