எட்டாம் எண் சட்டை

ரூத்னோகோர்ஸ்க் எஃகு ஆலை அணியில் சவேலி லுகாஷின் ஐஸ் ஹாக்கி ஆட வந்த 1983 முதல் அந்த ஊரில் யாருக்கும் காயம் படவில்லை. எல்லாருடைய அடியும் அவர் மேலேயே விழுந்தது. எதிரணி அடிக்கும் ரப்பர் வட்டைக் குறுக்கே விழுந்து உடம்பில் வாங்குவதுதான் தடுப்பாட்டக்காரரான அவருடைய வேலை. மற்ற அடிகளும் அந்த வழியைப் பழகிக்கொண்டன என்று ஊர் சொன்னது. ஆலையில் ஒருவன் விரலை நசுக்கிக்கொண்டால் சவேலியின் விரல் கறுத்தது. உறைந்த தெருவில் ஒருத்தி வழுக்கி விழுந்தால் அவர் இடுப்பு வீங்கியது. மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கினார்கள்.

ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. தேசிய அணிக்கு மாஸ்கோ கூப்பிட்டபோது மூவாயிரம் பேர் தண்டவாளத்தில் படுத்து ரயிலை மறித்தார்கள். குடித்துவிட்டுக் கூரை மேல் நடந்தார்கள். அந்த அன்புக்கு விவஸ்தையே கிடையாது. அவருடைய மனைவி தைசியா தினமும் கரடிக் கொழுப்பை உருக்கித் தேய்த்துவிட்டு, சமையலறையில் போய் அழுதாள்.

பதினெட்டு வருடம் பொறுத்தவள் பயிற்சியாளரிடம் போய் நின்றாள். "இக்னாட் பெத்ரோவிச், உங்க கால்ல விழறேன், அவரை விட்டுடுங்க. இனிமே அடிபட உடம்புல இடமில்ல."

"விட்டா ஊர் என் தோலை உரிச்சிடும்மா," என்றவர் கடைசியில் இறங்கி வந்தார். பெரிய ஆட்டக்காரர் விடைபெறும்போது அவர் சட்டையை அரங்கின் கூரைக்கு ஏற்றுவது வழக்கம். சீசனின் கடைசி ஆட்டம் சனிக்கிழமை. விருந்தினராக வரும் அமைச்சருக்கு வியாழன்தான் தோதுப்பட்டது. பிறந்தநாளுக்கு முந்தின நாள் வாழ்த்தினாலே அபசகுனம் என்று இடது தோளுக்கு மேல் மூன்று முறை துப்புகிற ஊர், அன்றைக்கு மட்டும் கைதட்டியது. சட்டை மேலே போனதும் சவேலியின் வலி போயிற்று. பல வருடங்களுக்குப் பிறகு அவரே குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஊரில் நாற்பது எலும்பு முறிந்தது. சட்டையை இறக்கி எடுத்துக்கொண்டு ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே வழியனுப்பினது எங்க தப்புதான். திரும்பப் போட்டுக்கச் சொல்லு, தைசியா."

"எங்கிட்ட வராதீங்க! நீங்களே உங்க அடியை வாங்கிப் பாருங்க, எப்படி இருக்குன்னு."

அப்போது ஆலையிலிருந்து ஓடி வந்த ஒருவன், அவள் மகள் உல்யானா ஓட்டும் கிரேனின் கூண்டு ஒற்றை ஆணியில் தொங்குவதாகச் சொன்னான். ஏணி எட்டவில்லையாம்.

தைசியா சட்டையைப் பிடுங்கி உள்ளே போனாள்.

"கையைத் தூக்கு, சவேலி."

அவர் தூக்கினார். "எட்டு மாடி உயரமாச்சே. உன் கரடிக் கொழுப்பு பத்தாதே, தைசியா."

அவளால் சிரிக்க முடியவில்லை. சட்டையை இழுத்துவிட்டாள்.

ஒன்று பத்துக்குக் கூண்டு விழுந்தது. உல்யானா தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து, மெக்கானிக்கை நன்றாகத் திட்டிவிட்டு, அம்மாவைப் பார்க்க நடந்தே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சவேலியைச் சக்கர நாற்காலியோடு பனித்தளத்தில் இறக்கினார்கள். அரங்கம் எழுந்து நின்றது. அன்றிலிருந்து இருபது வருடமாக அப்படித்தான் இறக்குகிறார்கள். அந்த ஊரில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறவள் தைசியா ஒருத்திதான்.