கிளியின் வயிற்றில் ஒரு ரேகை

காயும் முன்னே தொட்டுப் பார்க்காவிட்டால் கலைப்பிரியாவுக்குக் கை சும்மா இருக்காது. விழுப்புரத்துப் பெயர்ப்பலகைப் பட்டறையில் வேலை இரண்டு பேருக்கும் பங்கு. புருஷன் ஆனந்தராஜ், நூல் போல மெல்லிய பிளேடு வைத்த மிஷினில் தேக்குப் பலகையை அறுத்து, பேரும் பூவும் கிளியுமாக ஓட்டை எடுப்பான். அவள் பின்பக்கம் டேப் ஒட்டி, அந்த ஓட்டைகளில் சாயம் கலந்த ரெசின் என்கிற பிசினை ஊற்றி நிரப்புவாள். ஊற்றினால் மறுநாள் வரைக்கும் விட்டுவிட வேண்டும். விடுவாளா? விரலை வைத்துவிடுவாள். வைத்த இடத்தில் ரேகை பதிந்து அப்படியே இறுகிவிடும்.

"ரேஷன் கடை மிஷின்ல விழாத ரேகை, என் பலகையில மட்டும் எப்படிடி விழுது?" என்பான். உப்புத்தாள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த விரல் அவளுக்கு.

"தேய்க்கத்தான் நீ இருக்கியே, தேய்யேன்" என்று சிரிப்பாள். அவனும் தேய்ப்பான். எத்தனை ரேகையைத் தேய்த்து வாயால் ஊதித் தள்ளியிருப்பான், பாவி மனுஷன்!

ஒன்று மட்டும் தப்பியது. திண்டிவனத்தில் புதுவீடு கட்டிய பானுப்ரியா, மாமியார் பேரில் 'வெள்ளையம்மாள் இல்லம்' என்று பலகை கேட்டிருந்தாள். மாட்டுவதற்கு நல்ல நாள் போய்விடும் என்று அவசரமாக எடுத்துப் போனபோது, பேருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைக் கிளியின் வயிற்றில் ரேகை அப்படியே இருந்தது. "கிரகப்பிரவேசத்துக்குள்ள நானே வந்து தேய்ச்சிக் குடுத்துடறேங்க்கா" என்று வாக்குக் கொடுத்தவள் கலைப்பிரியாதான்.

அடுத்த வாரமே காய்ச்சல் என்று படுத்தாள். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் பிணமாகத்தான் திரும்பி வந்தாள். கொள்ளி வைத்து, மொட்டைத் தலையோடு மூலையில் கிடந்தவனுக்கு, சாவுச் சேதி தெரியாத பானுப்ரியாவிடமிருந்து போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை கிரகப்பிரவேசங்க. கிளி மேல கைரேகை இன்னும் இருக்குது. ஜல்தி வாங்க."

கருமாதிகூட முடியவில்லை. சாவுத் தீட்டோடு புதுவீட்டு வாசலை மிதிக்கலாமா? கூடாதுதான். ஆனால் அவள் விரல் பதிந்த பலகை உலகத்தில் வேறு இல்லையே. எப்படியாவது கெஞ்சி அதை வாங்கிக்கொண்டு, வேறொன்று செய்து கொடுத்துவிட வேண்டும். அந்த ஒரே நினைப்பில் பஸ் ஏறினான்.

பலகை வெளிச்சுவரில் இருந்தது. படியைத் தாண்ட வேண்டியதில்லை என்பதில் கொஞ்சம் நிம்மதி. கிட்டே போய்ப் பார்த்தால் ரேகை வரிவரியாகத் தெரிந்தது. போனில் படம் எடுத்தான். வெயில்தான் பளிச்சென்று விழுந்தது, ரேகை விழவில்லை.

பானுப்ரியா வெளியே வந்தாள். "மொட்டையா? மயிலம் முருகன் கோயில்லயா?"

"ஆமாங்க" என்றான். வேறென்ன சொல்வான்? உண்மையைச் சொன்னால் தோரணம் கட்டுகிற வீடு பதறிப்போகும்.

"வேண்டுதல் பொண்டாட்டிக்கா? தானே வர்றேன்னு சொல்லிக்கினு இருந்துச்சே. ஏதாச்சும் விசேஷமா?"

அவன் முகத்தைத் திருப்பிப் பலகையின் ஓரத்தைத் தடவினான். கூச்சப்படுகிறான் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டாள். ஐயோ, அந்தச் சிரிப்பை அவன் எப்படித்தான் தாங்கினானோ!

"இந்தப் பலகையை நான் எடுத்துக்கறேங்க. இதைவிட நல்லதா ஒண்ணு செஞ்சி மாட்டித் தர்றேன்" என்றான்.

"என்னங்க பேசறீங்க? மஞ்சள் குங்குமம் வெச்சி மாட்டியாச்சி. அதைப் போய்க் கழட்டுவாங்களா?"

"அப்படின்னா ரேகை இருந்துட்டுப் போவட்டுமேங்க. பாக்க அழகாத்தானே இருக்குது?"

"அடுத்தவங்க கைநாட்டு எங்க வீட்டு வாசல்ல எதுக்கு? உங்களுக்கு முடியலைன்னா சொல்லுங்க, இங்கியே ஆளை வெச்சித் தேய்ச்சிக்கிறோம்."

ஊர்பேர் தெரியாத எவனோ வந்து அவளைத் தேய்ப்பதா? அதற்கு இந்தக் கையே மேல். வாக்கும் அவள் கொடுத்தது. ஆனந்தராஜ் உப்புத்தாளை மடித்தான். அதற்கு முன்னால் தன் விரலை அந்த ரேகையின்மேல் வைத்துப் பார்த்தான். அவள் விரல் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு தேய்த்தான்.

"ஓரத்துல இன்னும் லேசாத் தெரியுது பாருங்க."

மறுபடியும் தேய்த்தான். பச்சைத் தூள் உதிர்ந்தது. எப்போதும்போல ஊதுவதற்கு வாயைக் குவித்தவன், சட்டென்று நிறுத்தி, தூளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான்.

"கை கழுவிக்கோங்க" என்று பானுப்ரியா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "சுத்தமாப் போயிடுச்சி. ஒண்ணுமே தெரியலை. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றான். கை கழுவவில்லை.

விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டருக்கு இடது கையால் பணத்தை நீட்டினான்.

"காலைலேருந்து பேஜாரு. இதுல நீ வேற பீச்சாங்கையால குடுக்கறியே. வலது கைக்கு என்னய்யா?"

தூளோடு மூடிய வலது கையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு முதல்முறையாக அவன் உண்மையைச் சொன்னான்.

"என் பொண்டாட்டி செத்துட்டாண்ணே."