பேட் தொட்டால் செல்லாது

பெண் பார்க்க வரும் நாளன்று ஒரு பெண் காலையில் முகத்துக்குப் பயத்தமாவு தேய்த்துக்கொண்டு வீட்டோடு கிடப்பாளா, கும்மிடிப்பூண்டி வெயிலில் கம்பி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு குந்தியிருப்பாளா? சுகிர்தா குந்தியிருந்தாள். மாவட்டம் முழுக்கத் தேடினாலும் பேஸ்பால் அம்பயர்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். அதில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை. இன்னொருவர் மச்சினிச்சி கல்யாணமென்று பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டார். பதினான்கு வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளின் இறுதி ஆட்டம், நீ வராவிட்டால் ஆட்டமே இல்லை என்று சங்கத்துக்காரர்கள் போனில் கெஞ்சினார்கள். ஆட்டம் காலையில், ஸ்டீவன் வீட்டார் வருவது சாயங்காலம், நடுவில் தலைக்குக் குளிக்கக்கூட நேரமிருக்கிறது என்று இவளும் ஒரு கணக்குப் போட்டுவிட்டாள்.

திருவள்ளூர் அணியின் வேன் மைதானத்துக்குள் வந்து நின்றதும் கணக்கு மண்ணாய்ப் போனது. முன் சீட்டிலிருந்து குடையும் கையுமாக இறங்கிய கோச், ஸ்டீவனின் அம்மா.

ஆரோக்கியமேரி என்கிற மேரி மிஸ்ஸை சுகிர்தா நேரில் பார்த்ததில்லை. ஸ்டீவனின் போனில் பார்த்திருக்கிறாள். கையில் வெற்றிக் கேடயம், முகத்திலோ அதை யாரோ பிடுங்க வருவதுபோல ஒரு முறைப்பு. மேரி மிஸ்ஸும் இவளைப் பார்த்ததில்லை. போட்டோ அனுப்பட்டுமா என்று மகன் கேட்டதற்கு, "போட்டோல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க, நான் நேர்லயே பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டாராம். அம்மா கபடி கோச் என்றுதான் ஸ்டீவன் சொல்லியிருந்தான். இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பேஸ்பாலையும் அவர் தலையில் கட்டிவிட்டது அந்த மடையனுக்குத் தெரியவில்லை.

மடையன்தான். ஆனால் சிப்காட்டில் இருவரும் வேலை செய்யும் கம்பெனியில், ஃபோர்க்லிஃப்டை ஓட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் இவள் மேஜை அருகே மட்டும் ஹாரனை இரண்டு தரம் அடிக்கிற மடையன். இவளுக்குக் குவாலிட்டியில் வேலை. வருகிற பாகத்தைப் பார்த்து ஓகே என்றோ, தேறாவிட்டால் என்ஜி என்றோ சொல்ல வேண்டும். ஸ்டீவனை ஓகே செய்து, அப்பா பாக்கியராஜையும் அம்மா ஞானம்மாவையும் வழிக்குக் கொண்டுவந்து, கடைசியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சம்மதம். அந்தச் சம்மதம்தான் இப்போது குடையை விரித்துக்கொண்டு மைதானத்தின் நடுவே நடந்து வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஆகும்வரை இந்த அம்மாளுக்கு நம் முகம் தெரியவே கூடாது என்று சுகிர்தா முடிவு செய்தாள்.

ஆட்டத்துக்கு முன்னால் கோச்சுகளை அழைத்துப் பேசும்போதும் அவள் மாஸ்க்கைக் கழற்றவில்லை. கூட நின்ற இன்னொரு அம்பயர் மோகன்ராஜ் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஆட்டமே ஆரம்பிக்கல. அதுக்குள்ள மாஸ்க்கா?"

"மெட்ராஸ் ஐ சார்" என்று கிசுகிசுத்தாள். "ஒட்டிக்கும்."

கம்பி மாஸ்க்குக்கு மெட்ராஸ் ஐ எப்படி அடங்கும் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கணமே பின்வாங்கியவர், ஆட்டம் முடியும்வரை இவள் பக்கமே வரவில்லை.

கோச் சண்டைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அம்பயர் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதலில் மாஸ்க்கைக் கழற்று. கையைப் பின்னால் கட்டிக்கொள். கத்தி முடிக்கும்வரை காது கொடு. பதிலைச் சுருக்கமாகச் சொல். ஒருமுறை எச்சரி. அப்படியும் அடங்காவிட்டால் கையை நீட்டி வெளியே அனுப்பு. இவளோ முதல் படியிலேயே வழுக்கி விழுந்துவிட்டாள்.

மேரி மிஸ் சும்மா இருக்கிற ஆளா? தன் அணிப் பிள்ளை அடிக்காமல் விட்ட பந்துக்கு முதல் ஸ்ட்ரைக் விழுந்ததுமே குடையோடு வந்துவிட்டார்.

"இன்னா சார், பந்து அந்தாண்ட போவுது, ஸ்ட்ரைக்குன்றீங்க?"

சார்! தொப்பியும் மாஸ்க்கும் மார்க்கவசமும் சேர்ந்து செய்த புண்ணியம். சுகிர்தா குரலைத் தொண்டையின் அடியில் இறக்கி, "ஸ்ட்ரைக்தான்" என்று உறுமினாள். ஜலதோஷம் பிடித்த போலீஸ்காரர் பேசுவதுபோல இருந்தது. மேரி மிஸ் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். அடுத்த சண்டைக்கும் அதே உறுமல்தான். அதற்கடுத்த தடவை வெறும் தலையாட்டல். மாஸ்க்குக்குள் வேர்வை கொட்டியது, சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. இப்படியே ஓட்டிவிடலாம் என்று அவளுக்குத் தைரியம்கூட வந்துவிட்டது.

கடைசிச் சுற்று வந்தது. திருவள்ளூர் ஒரு ரன் பின்னால். ஒரு பிள்ளை அவுட். ஆட வந்தவள் பூமிகா, மேரி மிஸ்ஸின் அணியில் கையில் பலமுள்ள பெண். அடித்தாள் பாருங்கள், பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய், வேலியோரம் நின்றிருந்த தண்ணீர் லாரிக்கு அடியில் புகுந்துகொண்டது. எதிரணியான கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள் நான்கு பேர் லாரிக்கடியில் தவழ்ந்தார்கள். பூமிகா ஓடினாள். முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது.

பேட்டையும் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாள்.

பேஸ்பாலில் அடித்ததும் பேட்டைப் போட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு அது எங்கே வருகிறது? பால்குடி மறந்த நாளிலிருந்து தெருவில் ஆடியது கிரிக்கெட். பூமிகா கடைசி எட்டில் பாய்ந்து, கிரிக்கெட்டில் கோட்டைத் தொடுகிற மாதிரி, பேட்டின் நுனியை, ஓட்டம் முடிகிற ஹோம் பிளேட் என்ற வெள்ளைப் பலகையின் மேல் தேய்த்துவிட்டு நின்றாள். காலும் படவில்லை, கையும் படவில்லை. அப்படியே பேட்டை வானத்தை நோக்கித் தூக்கி நான்கு திசைக்கும் காட்டினாள். மற்ற பிள்ளைகள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

சுகிர்தா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ரன் செல்லும் என்பதற்கான 'ஸேஃப்' சொல்லவில்லை. கால் படவில்லை என்று அம்பயர் வாயைத் திறந்து சொல்லவும் கூடாது. ஒரு எட்டு, ஒரே ஒரு எட்டு பின்னால் வைடி என் தங்கமே, என்று மனசுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டாள். பூமிகா குதித்தாள், சுற்றினாள், மண்டி போட்டாள், சிலுவை போட்டுக்கொண்டாள். மைதானத்தில் எல்லா இடத்திலும் அவள் கால் பட்டது, அந்த வெள்ளைப் பலகையில் மட்டும் படவில்லை. அதற்குள் லாரிக்கடியிலிருந்து பந்து வந்துவிட்டது. பந்தைப் பிடித்த கேட்சர் பெண் சுகிர்தாவின் சும்மா கிடந்த கைகளைப் பார்த்தாள், பிளேட்டைப் பார்த்தாள், மெல்ல நடந்துபோய் ஆடிக்கொண்டிருந்த பூமிகாவின் முதுகில் பந்தை வைத்தாள்.

"அவுட்!" என்று கத்த வேண்டியதாகிவிட்டது.

குடை வந்தது. பின்னாலேயே மேரி மிஸ் வந்தார்.

"இன்னாய்யா அவுட்டு? பேட்டு தொட்டுச்சில்ல? ஊரே பாத்துச்சு! உனுக்குக் கண்ணு இருக்குதா, இல்ல கம்பிதான் இருக்குதா?"

சுகிர்தா தலையை ஆட்டினாள். விரலால் காலைக் காட்டினாள், பிளேட்டைக் காட்டினாள்.

"ஊமையா நீ? நியாயம் சொல்ற வரிக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லி, மேரி மிஸ் குடையை விரித்து, ஹோம் பிளேட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வராவிட்டால் நெடுஞ்சாலையில் காலிக்குடத்தோடு உட்காருவார்களே, அதே தோரணை. குடம்தான் இல்லை.

ஐந்து நிமிஷத்துக்குள் ஆட்டம் தொடராவிட்டால் எதிரணிக்கே வெற்றி. இது தெரிந்த கும்மிடிப்பூண்டி கோச் தணிகைவேல் மோர் பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டே, "எழுப்பாதீங்க சார், பாவம், நல்லா குந்தட்டும்" என்றார். மோகன்ராஜ் தொலைவில் நின்று வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சுகிர்தாவும் வானத்தை ஆராய்ந்திருக்கலாம். ஐந்து நிமிஷம் பேசாமல் நின்றால் ஆட்டம் தானாக முடியும், மாஸ்க்கோடு வீட்டுக்குப் போய்ச் சேரலாம், சாயங்காலம் பட்டுச்சேலையில் தலை குனிந்து நிற்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அப்போதுதான் அடுத்து ஆட வேண்டிய பெண் நர்மதா தன்னைவிடக் கனமான பேட்டை இழுத்துக்கொண்டு வந்து நின்று அழ ஆரம்பித்தாள்.

"எந்திரிங்க மிஸ். எங்கம்மா டூட்டிக்கி லீவு போட்டுகினு வந்துகீது. நான் இன்னும் ஒரு வாட்டிகூட அடிக்கல மிஸ்."

சுகிர்தாவுக்குச் சுரீர் என்றது. கோபம் வந்தது, மேரி மிஸ் மேலும் தன் மேலும். மாஸ்க்கைக் கழற்றினாள்.

நெற்றியில் முடி ஒட்டி, முகமெல்லாம் கோடு கோடாக, தக்காளிபோலச் சிவந்து அவள் நின்ற கோலத்தைப் பார்த்து மேரி மிஸ்ஸின் வாய் திறந்தபடியே நின்றது. "பொண்ணா நீ?"

"ஆமா மிஸ்." கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இது கிரிக்கெட் இல்ல மிஸ். பேட்டு தொட்டா செல்லாது. காலு தொடணும், இல்ல கையாச்சும் தொடணும். பூமிகா தொடல, நான் பாத்துக்கினேதான் இருந்தேன். அவ அடிச்ச அடிக்கி எனக்கே அழுகையா வருது. ஆனா நீங்க இங்க குந்திகினு இருந்தா இந்தப் பொண்ணு பேட்டே புடிக்காம ஊட்டுக்குப் போவும். எந்திரிங்க. இதான் வார்னிங்."

"எந்திரிக்கலன்னா?"

சுகிர்தாவின் கை எழுந்தது. ஸ்டீவனின் ஹாரன் சத்தம் காதில் ஒருதரம் கேட்டது. கை கேட்டைக் காட்டியது. "வெளிய போங்க மிஸ்."

தணிகைவேல்கூட மோர் உறிஞ்சுவதை நிறுத்தினார். மேரி மிஸ் எழுந்து, பின்பக்க மண்ணைத் தட்டிவிட்டு, அவளை உச்சியிலிருந்து ஷூவரை பார்த்தார்.

"உம்பேரு இன்னா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. வாய் முந்திக்கொண்டது. "சுகிர்தா."

மேரி மிஸ்ஸின் புருவம் ஏறியது, இறங்கியது. குடையைத் தூக்கிக்கொண்டு நடந்து கேட்டுக்கு வெளியே போனார். சற்று நேரத்தில் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே குடை மட்டும் தெரிந்தது. நர்மதாவுக்குப் பந்து வரும்போதெல்லாம் குடை எம்பியது. இரண்டு ஸ்ட்ரைக் ஆகி, இன்னொன்று விழுந்தால் அவுட் என்ற நிலையில் நர்மதா கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுழற்று சுழற்றினாள், பட்டது! பேட்டைத் தூக்கி எறிந்தாள் பாருங்கள், அது மோகன்ராஜ் காலடியில் போய் விழுந்தது. ஓடினாள், ஓடினாள், முதல் பேஸுக்கு அரை எட்டு இருக்கும்போது பந்து முந்திக்கொண்டது. அதோடு மூன்றாவது அவுட், ஆட்டம் முடிந்தது. குடை சுவருக்குப் பின்னால் மூழ்கியது. நர்மதாவோ தோற்றதே தெரியாமல், "அடிச்சேன்மா, அடிச்சேன்மா" என்று அவள் அம்மாவைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

ரயிலில் கிட் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஸ்டீவனுக்குப் போன் செய்தாள்.

"உங்கம்மாவ வெளிய அனுப்பிட்டேன்."

"எங்கருந்து?"

"மேட்ச்லருந்து. நான்தான் அம்பயரு."

மறுமுனையில் அவன் சிரித்தான், புரையேறி இருமி மறுபடி சிரித்தான். "எங்கப்பா இத்தினி வருசத்துல அவங்கள ஒரு ரூமுலருந்துகூட வெளிய அனுப்புனதில்ல சுகி."

"சிரிக்காத எருமை. அவங்க வருவாங்களா மாட்டாங்களா, அத்த சொல்லு."

அது அவனுக்கும் தெரியவில்லை. அப்போதுதான் சுகிர்தா அழுதாள்.

அத்திப்பட்டு வீட்டில் ஞானம்மா அச்சுமுறுக்கை அடுக்கிவைத்துவிட்டு மகளின் நெற்றியைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டார். மாஸ்க் அழுத்திய கோடு பவுடருக்கு அடங்கவில்லை. "பொண்ணு பாக்க வரவங்க இன்னாடி நெனப்பாங்க!" சுகிர்தா முந்தானையைச் செருகிக்கொண்டு, கதவோரம் நின்று, தெருவையே பார்த்தாள்.

கார் வந்தது. முதலில் ஸ்டீவனின் அப்பா எபினேசர் இறங்கினார், பிறகு சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டுக்கொண்டு ஸ்டீவன். இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். கடைசியாக ஒரு குடை இறங்கியது.

மேரி மிஸ் வாசற்படி வரை வந்து நின்றுவிட்டார். பாக்கியராஜ் கைகூப்பினார். "உள்ள வாங்க, வாங்க."

"நீங்க கூப்டா செல்லாதுங்க" என்றார் மேரி மிஸ். "காலைல என்னிய வெளிய போகச் சொன்னது உங்க பொண்ணு. அதுதான் சொல்லணும்."

பாக்கியராஜும் ஞானம்மாவும் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். சுகிர்தா முன்னால் வந்தாள். கைகள் தாமாகவே பின்னால் கட்டிக்கொண்டன. மேரி மிஸ் அவள் நெற்றிக் கோட்டைப் பார்த்தார். பிறகு குடையை மடக்கி, அதன் நுனியால் வாசற்படியை ஒரு தட்டுத் தட்டினார்.

"இது செல்லுமா?"

"செல்லாது அத்தை" என்றாள் சுகிர்தா.

"எவ்ளோ கொழுப்பு பாத்தியா!" மேரி மிஸ் கணவர் பக்கம் திரும்பினார். முகத்தில் அந்தக் கேடய முறைப்பு சுருங்கி, உதடு துடித்து, கடைசியில் சிரிப்பு உடைத்துக்கொண்டு வந்தது. "மாமியாருன்னு தெரிஞ்சே அனுப்பிகீது இந்தப் பொண்ணு. நர்மதா இன்னும் அழுதுகினு இருந்திருக்கும், இது அனுப்பலன்னா."

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி, சேலையை லேசாகத் தூக்கி, வலது காலை எடுத்து வாசற்படியின் மேல் அழுத்தி வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்து அவளையே பார்த்தார்.

சுகிர்தா பட்டுச்சேலையோடு முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"ஸேஃப்!"