செத்துப்போனானாம்

1

இந்தக் கதை நீர்வேலியில் தொடங்கவில்லை; பெரு நாட்டில் தொடங்கியது. இணுவிலில் என் வீட்டு மேசையில் இருந்தபடி ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுபத்திரிகைக்காரர் கேட்க, மறுக்க வாய் வராமல் ஏற்றுக்கொண்ட வேலை. அந்த நாட்டின் உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டவர்களிலும் காணாமல்போனவர்களிலும் பெரும்பாலானோர் கெச்சுவா மொழி பேசும் மலைக்கிராமத்துச் சனங்கள். கிளர்ச்சிக்காரருக்குச் சோறு போட்டாய் என்று இராணுவம் அடித்தது. இராணுவத்துக்குத் தண்ணீர் கொடுத்தாய் என்று கிளர்ச்சிக்காரர் அடித்தார்கள். இதுவரைக்கும் எனக்கு அகராதியே தேவைப்படவில்லை.

பிறகு ஒரு பந்தி வந்தது. கெச்சுவாவில் எதைச் சொன்னாலும், அது கண்டதா கேட்டதா என்பதையும் ஓர் ஒட்டுச் சேர்த்துக் காட்டிவிடுவார்களாம். கண்டதற்கு 'மி'. கேள்விப்பட்டதற்கு 'சி'. அந்த நாட்டுத் தாய்மார் விசாரணையில் சொன்னவை ஸ்பானிய மொழிக்குப் போனபோது இந்த ஒட்டு எத்தனை இடத்தில் உதிர்ந்திருக்குமோ என்று கட்டுரையாளர் கவலைப்பட்டிருந்தார்.

'காட்டிவிடுவார்களாம்' என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? எனக்குக் கெச்சுவா தெரியாது, அதனால்தான். அந்த ஒட்டு, 'ஆம்' என்கிற வாலாக, எங்களிடமும் இருக்கிறது. அதைக் கண்டதும் பேனையை வைத்துவிட்டேன். கட்டுரை இன்னும் அரைகுறையாகக் கிடக்கிறது.

(அடிக்குறிப்பில் வரவேண்டியது: கடலுக்கு அந்தப் பக்கம் 'ஆம்' என்றால் சம்மதம். எங்களுக்குச் சம்மதம் 'ஓம்'. ஆகவே யாழ்ப்பாணத்து வாயில் 'ஆம்' முழுநேரமும் கேள்விப்பட்ட கதைக்கே ஊழியம் செய்கிறது.)

2

முதல் தொடக்கம்: 'பெருவின் ஆயகுச்சோ மலைச்சரிவில் ஒரு தாய் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தபோது—'

விட்டுவிட்டேன். அந்த மலையை எனக்குத் தெரியாது. உருளைக்கிழங்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தாயை உண்டாக்க முடியாது.

இரண்டாம் தொடக்கம்: 'செந்தூரன் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம் இற—'

இதையும் நிறுத்தினேன். அதைச் சொல்ல நான் யார்?

மூன்றாவது இது. நாகேஸ்வரி நீர்வேலியில் வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறவள். செந்தூரன் அவளுடைய ஒரே மகன். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது குழந்தையாக இருந்த அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வன்னிக்குப் போனாள். போர் முடிந்த நாளில், வட்டுவாகலில், அதே கையால் அவனை இராணுவத்திடம் ஒப்படைத்தாள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், நம்பினாள். பஸ்ஸில் ஏறியவன் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினான். அவ்வளவுதான் அவள் கண்டது.

மிச்சமெல்லாம் கேட்டது. தப்பிவந்த சனத்தை அடைத்துவைத்த முள்ளுக்கம்பி முகாமுக்குள் தம்பிஐயா என்கிற ஊர்க்காரர் அவளைத் தேடிவந்து சொன்னார்.

"ஓமந்தையிலை இறக்கினவையாம். பிறகு வேறை வாகனத்திலை ஏத்தினவையாம். நாகேஸ், மனதைத் தேற்று... செத்துப்போனானாம்."

அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த யாரோவுக்கு வேறு யாரோ.

3

இந்த இடத்தில் எனக்கு நாகேஸ்வரியின்மேல் சந்தேகம் வந்தது. அடுத்த பகுதியில் அவளுக்குக் கொஞ்சம் சிங்களம் தேவைப்படுகிறது. கதையின் வசதிக்காகப் பாத்திரத்துக்கு மொழி படிப்பிக்கிற எழுத்தாளர்களை நானே நக்கலடித்திருக்கிறேன். ஆனால் முகாமில் இருந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள், தண்ணீருக்கு வேண்டிய சிங்களம் எல்லோருக்கும் வாய்த்திருந்தது. வாளியோடு வெயிலில் நிற்கும்போது காவலுக்கு நின்ற சிப்பாய், "பவுசர் எனவாலு" என்பான். தண்ணீர் வண்டி வருகிறது என்பது நாகேஸ்வரிக்கு விளங்கியது. கடைசியில் ஒட்டியிருந்த 'லு' விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணைக் கேட்டாள்.

"உது எங்கடை 'ஆம்' மாதிரித்தான் அக்கா. வருதாம்."

"அப்ப அவன் காணேல்லை?"

"காணேல்லை. ஆரோ சொன்னவை, சொல்லுறான்."

'லு' போட்ட நாட்களில் பவுசர் பெரும்பாலும் வரவில்லை. இப்படிப் படித்த இலக்கணத்தை யாரும் மறப்பதில்லை. சந்தேகத்தை விட்டுவிட்டேன்.

4

போன வருடம் கொழும்பிலிருந்து ஒரு விசாரணைக் குழு வந்தது. (எந்தக் குழு என்று தேடாதீர்கள். கதைக்காக நான் வரவழைத்த குழு.) நல்லூரில் ஒரு மண்டபத்தில் மேசை போட்டார்கள். கணினிக்கு முன்னால் சிங்கள அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் உதயகலா. நாகேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் உதயகலா அதை ஆங்கிலத்தில் சொல்ல, அதிகாரி தட்டினார். முடிந்ததும் உதயகலா திரும்பத் தமிழில் வாசித்தாள்.

"மகன் இறந்துவிட்டார் எனத் தாயார் தெரிவித்தார். சரிதானே அம்மா?"

"இல்லைப் பிள்ளை. நான் அப்பிடிச் சொல்லேல்லை. செத்துப்போனானாம் எண்டனான்."

"ரெண்டும் ஒண்டுதானே அம்மா."

"ஒண்டில்லை. உதை உப்பிடியே விட்டால் என்ன செய்வினம்?"

உதயகலா கெட்ட பிள்ளையில்லை. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "கோப்பை மூடிப்போடுவினம் அம்மா. பிறகு தேடமாட்டினம்" என்றாள்.

"தாயே சொல்லிப்போட்டாள் எண்டு மூடுவினம், என்ன?"

"ஓம் அம்மா."

"ஒருக்கா என்ரை கையாலை குடுத்திட்டன், பிள்ளை. இப்ப வாயாலையும் குடுக்கச் சொல்லுறியோ?"

இந்த வசனத்தை எழுதிவிட்டு எழுந்துபோய்க் கிணற்றடியில் நின்று அழுதேன். எழுதுகிறவன் அழலாமோ கூடாதோ என்பதை விமர்சகர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

உதயகலா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "இதிலை மூண்டு பெட்டிதான் அம்மா. உயிரோடை, இறந்திட்டார், தெரியாது. 'தெரியாது' எண்டு போடட்டோ?"

"தெரியாதோ? நான் போகாத முகாமில்லை, கேக்காத ஆளில்லை. தெரியாது எண்டு போட்டால் பெத்தவள் தேடாமல் வீட்டிலை இருந்தவள் எண்டெல்லோ வரும்!"

பிறகு அவள் அதிகாரியை நேரே பார்த்தாள்.

"மகே புத்தா மெருணாலு. மம தெக்கே நே."

என்ரை மகன் செத்துப்போனானாம். நான் காணேல்லை. அதிகாரி தட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அந்த 'லு'வைக் கேட்டுத்தானே அவரும் வளர்ந்திருப்பார். இத்தனை வருடம் தங்களுக்குள் அடிபட்ட இரண்டு சனத்தின் மொழியிலும் அது இருக்கிறது. ஆங்கிலத்திலும் சுற்றிவளைத்துச் சொல்லலாமே என்று நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். சொல்லலாம்தான். பெட்டிக்குள் போடமுடியாது.

5

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அதிகாரி கண் கலங்கி, கணினியை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் தன் கைப்பட 'லு' என்று எழுதுகிறார். வாசித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் செந்தூரன் வருகிறான். பின்னேரம், வாழைத்தோட்டத்து ஒழுங்கை, உருட்டிவந்த சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, "அம்மா" என்று— இதற்குமேல் என்னால் முடியவில்லை. பத்தொன்பது வயதில் போனவன். இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்குமா? மீசை வைத்திருப்பானா? அவன் முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. நாகேஸ்வரியிடம் கேட்கவும் பயமாக இருந்தது, அவளுக்கும் தெரியாவிட்டால்?

மூன்றாவதில் அவள் களைத்துப்போகிறாள். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள், கடைசி நீர்வேலி பஸ்ஸும் போய்விடும். "சரி பிள்ளை, விருப்பமானதைப் போடுங்கோ" என்று எழுந்துவிடுகிறாள். நடக்கக்கூடியது இதுதான். வேறு மண்டபங்களில், வேறு மலைகளில், இதுதான் நடந்திருக்கும். எழுதியதை வெட்டவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

6

ஆகவே மண்டபத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். அதிகாரியின் விரல் விசைக்குமேல் நிற்கிறது. பெட்டியை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. உதயகலா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என்னால் ஆகாது என்று ஆனபிறகு உங்களைத்தான் கூப்பிடவேண்டியிருக்கிறது. வாருங்கள், அதிகாரிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு மூன்று பெட்டியில் ஏதாவது ஒன்றை அமத்துங்கள், கதை முடிந்துவிடும்.

நீங்கள் வந்து இருந்ததும் நாகேஸ்வரி அதிகாரியை விட்டு உங்கள் பக்கம் திரும்புகிறாள். கோபமாக இல்லை. பதில் வந்தாலும் வரும் என்ற நப்பாசையோடுதான் கேட்கிறாள்.

"நீங்கள் கண்டனீங்களோ?"