நன்றாகக் கரைகிறது

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சிவப்புப் பையை யாரும் பிரிக்கக் கூடாது. தொற்று நோயாளிகளின் விரிப்புகளை வார்டிலேயே அதில் கட்டி அனுப்புவார்கள். கட்டியபடியே மெஷினில் போட வேண்டும். வெந்நீர் பட்டதும் பை கரைந்துபோகும், துணி வெளுத்து வரும். பாலிவினைல் ஆல்கஹால் என்று பெட்டியில் போட்டிருக்கும். பெயர்தான் வாயில் நுழையாதே தவிர, தங்கமான பை.

போன மாதம் கொள்முதல் அதிகாரிக்கு மலிவாக வேறொரு பை கிடைத்தது. பச்சைத் தண்ணீரிலேயே கரையும் ரகம். விரிப்பு ஈரமாக வந்தால் என்ன ஆகும் என்று அந்த மகானுக்குத் தோன்றவில்லை. என்னோடு அங்கே வேலை பார்த்த என் தங்கை தூக்கியபோது பை அவள் கையிலேயே கூழானது. விரிப்புக்குள் யாரோ விட்டுவைத்த ஊசி உள்ளங்கையில் ஏறியது.

அவள்தான் பையைப் பிரித்தாள் என்று விசாரணை வைத்தார்கள். விதியை மீறியிருந்தால் வேலையும் போகும், சிகிச்சைச் செலவும் கிடைக்காது.

"நான் பிரிக்கலைங்க. அதுவாவே கரைஞ்சிடுச்சு" என்றாள்.

"சரிம்மா, அந்தப் பை எங்கே? காட்டு" என்றார் விசாரிக்க உட்கார்ந்திருந்த அதே கொள்முதல் அதிகாரி.

கரைந்ததை எங்கே போய்க் காட்டுவாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுப் பை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதன்மேல் கொட்டினேன்.

"வெந்நீர் இல்லை சார், பச்சத் தண்ணி. நல்லாப் பாருங்க."

பை சுருங்கி, வழவழத்து, ஒரு நிமிடத்தில் மேசையோரமாக ஒழுகியது.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? எவ்வளவு சுத்தமா கரையுது! சரக்குல குறையே இல்லை."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். தங்கையைக் காப்பாற்றப் போன நான் அவர்கள் சரக்குக்கு நற்சான்று கொடுத்துவிட்டு வந்தேன். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். அடுத்த வாரம் சலவைக்கூடக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். 'ஈரத் துணிகளை இந்தப் பைகளில் போடக் கூடாது.' கீழே அதே அதிகாரியின் கையெழுத்து. அதைப் படம் பிடித்து வந்து தங்கையிடம் காட்டினேன். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை தட்டு, துண்டு எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொண்டு ஓர் அறையில் ஒடுங்கிக் கிடந்தாள். இரண்டு முறை படித்தாள்.

"அப்போ நான் பிரிக்கலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமாண்டி."

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இனிமே அங்க யாருக்கு ஊசி குத்தினாலும், வாயைத் திறக்க வேணாம்னு சொல்லுக்கா."