மேலேயிருந்து பார்த்தால்

"பூவைக் காருக்குள்ள வையுங்கோ அம்மா. இவையின்ர செத்தவீட்டில பூ வைக்கிறேல்லை."

பரமேஸ்வரி மாலைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சூரிச் லாங்ஸ்ட்ராஸ தெருத் தமிழ்க் கடையில் சொல்லிவைத்து, காலையிலேயே அட்லிஸ்வில்லிலிருந்து ரயிலேறிப்போய் எடுத்துவந்த மாலை அது.

"பூவில்லாமலோ? மனுசன் என்ன அநாதையோ?"

"அநாதையில்லை அம்மா. அது அவையின்ர முறை."

பையை வாங்கிக் காரின் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள் சுகந்தி. வாதாட அவளிடம் தெம்பில்லை. மாமனார் விக்டர் ஹெல்லர், நூறைத் தாண்டிய கிழவர், முந்தாநாள் காலை அவள் வீட்டில், தன் கட்டிலில் இறந்துபோனார். அவள் ஊட்டிய கடைசிக் கரண்டி சூப் வாயோரத்தால் வழிந்துவிட்டது. துடைக்கத் துணியெடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இடுகாட்டு வாசலில் அம்மா கொஞ்சம் தயங்கினார். ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. தன் மகனைக் கொண்டுபோன நாளிலும் வீட்டு வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்தான். இன்றைக்கு மட்டும் வந்தே தீருவேன் என்று அடம்பிடித்தார். "சம்மந்திக்கு நான் ஒரு பிடி மண் போடவேணும்" என்று நேற்று முழுக்க ஒரே பாட்டு.

காரணம் சுகந்திக்குத் தெரியும். அம்மா இத்தனை வருசமும் உயிரோடு இருப்பதே அந்தக் கிழவர் சொன்ன ஒரு சொல்லில்தான்.

விக்டர் செக் நாட்டு யூதர். பதினாறு வயதில் தனியாக இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார். தாயையும் தகப்பனையும் தங்கச்சியையும் நாஜிகள் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. அவர் அங்கே சண்டை விமானம் ஓட்டப் பழகி, யுத்தம் முடியும் மட்டும் ஓட்டினார். பிறகு சூரிச் வந்து கண்ணாடிக் கடை வைத்தார், கலியாணம் கட்டினார். சண்டைக்காரன் என்று சொல்ல அவரிடத்தில் ஒன்றுமேயில்லை. சட்டைப்பையில் வைக்கும் கைலேஞ்சியைத் தானே இஸ்திரி போடுவார். ஓப்பா என்று கூப்பிடும் பேத்தி யாதவிக்கு ஆப்பிள் சீவினால் தோல் அறாமல் ஒரே நாடாவாக வரும். சுகந்தி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், குளோட்டன் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானத்தின் சத்தம் கேட்டால் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அவர் எழும்பிப்போய் யன்னலால் பார்த்துவிட்டு வந்து சொல்வார்: "பயணிகள் விமானம். முந்நூறு பேர் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்." அவளுக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

அவளுடைய தம்பி நிருசன் பள்ளிக்கூடம் விட்டு வெட்டவெளியால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது குண்டு போடும் பொம்பர் வந்தது. வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை, பத்து வயது. பொம்பர் பதிந்து வந்து ஒருமுறை சுற்றிவிட்டுப் போனது. போய்விட்டதென்று எல்லோரும் நினைத்தார்கள். அது திரும்பி வந்தது.

"அவனுக்குத் தெரிஞ்சிராது" என்பார் அம்மா. "மேலயிருந்து பாத்தா பிள்ளையோ ஆடோ எண்டு என்னெண்டு தெரியும்? தெரிஞ்சா ஒரு மனுசன் செய்வானே?" சொல்வார், ஆனால் நம்பவில்லை. குளிசை போட்டும் நித்திரை வராது.

அம்மா சுவிசுக்கு வந்து சுகந்தியின் கணவன் டானியேல் வேலைக்குப் போயிருந்த ஒருநாள் சம்மந்தி வீட்டில் முதன்முதல் சாப்பிட உட்கார்ந்தபோதே, "உன்ர மாமா பிளேன் ஓடினவர்தானே, கேள்" என்று சுகந்தியின் முழங்கையை இடித்தார். மேலேயிருந்து பார்த்தால் கீழே நிற்கிற ஆள் தெரியுமா என்று சுகந்தி கூச்சத்தோடு கேட்டாள். விக்டர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். சுகந்தியைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒன்றுமே தெரியாது. வேகம், புகை, நிலம். அவ்வளவுதான்."

அன்றைக்கு அம்மா குளிசை போடாமல் நித்திரை கொண்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிற போகிறவர்கள் எல்லோரிடமும் தமிழில் இதே கதைதான்; டானியேலுக்கு அது விளங்காது. "பிளேன் ஓடின மனுசனே சொன்னவர், ஒண்டும் தெரியாதாம்." தீபாவளிக்குத் தீபாவளி சம்மந்திக்கு ஒரு சேட்டு வாங்கிக் கொடுப்பார். அளவு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. அவர் அதைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்பார்.

மண்டபத்தில் வெறும் பலகைப் பெட்டி, மூடியபடி. முகம் பார்க்கக் கிடைக்காதென்று அம்மாவுக்கு ஏமாற்றம். யூத மதகுரு ரபி வந்து, சுகந்தி காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையை டானியேலின் நெஞ்சருகில் கத்தியால் கீறினார்.

"ஐயோ, புதுச் சேட்டெல்லே! ஏன் வெட்டுறார்?"

"தேப்பனுக்குத் துக்கம் காக்கிறதெண்டா அப்பிடித்தான் அம்மா. கதையாதேங்கோ."

சுகந்திக்கு ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் டானியேலின் தாய்வழிச் சொந்தக்காரர் ஒருவரும் இருந்தார்கள். அம்மாவுக்கு அங்கால் யாதவி, அழுது மூக்கெல்லாம் சிவந்து. டானியேல் முன்னால் போய் நின்றான். கிழிந்த சட்டையை ஒரு கையால் பொத்திக்கொண்டு பேசினான். கண்ணாடிக் கடையைப் பற்றி, தன்னைப் பெற்ற தாயைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை நடைகளைப் பற்றி. சுகந்தி அம்மாவின் காதுக்குள் இரண்டு வார்த்தைக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பிறகு அவன் சொன்னான்:

"ஒரு கதையை அப்பா எனக்குச் சின்ன வயதில் சொன்னார். பிரான்சில் ரயில்களைச் சுடும்படி அவர்களுக்கு உத்தரவு. ஒருநாள் ஒரு ரயிலின் மேல் பாய்ந்து இறங்கியபோது, யன்னலில் ஒரு பெண், சிவப்புத் தலைத்துண்டோடு. மடியில் குழந்தை. குழந்தையின் கையில் இருந்த பாண் ரொட்டித் துண்டுகூடத் தெரிந்ததாம். அவர் சுடவில்லை. திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்காகத் தண்டனையும் வாங்கினார். சுகந்தி வந்த பிறகு, இந்தக் கதையை வீட்டில் ஒருநாளும் எடுக்கக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கினார். ஏனென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவ்வளவு அடக்கமான மனிதர். இன்றைக்கு அவர் என்னை மன்னிக்கட்டும்."

மண்டபத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அந்தச் சத்தியம் ஏனென்று சுகந்திக்குத் தெரியும். அந்தக் கிழவர் இருபத்தைந்து வருசமாக ஒரு பொய்யைக் காவல் காத்திருக்கிறார், அவளுடைய அம்மாவுக்காக.

"என்னவாம்? எல்லாரும் அழுகினம்?" என்றார் அம்மா.

"மாமா நல்லவராம்."

"அதுக்கோ இவ்வளவு நேரம்?"

"ஓம் அம்மா."

அம்மா நம்பவில்லை. மற்றப் பக்கம் திரும்பினார். "பிள்ளை, கொப்பர் என்ன சொன்னவர்?"

யாதவிக்கு ஒன்றும் தெரியாது. தன் மாமா நிருசன் எப்படிச் செத்தான் என்பதை வீட்டில் அவளுக்கு ஒருவரும் விவரமாகச் சொன்னதில்லை. சுகந்தி கண்ணைக் காட்டினாள், பெண் கவனிக்கவில்லை. தன் பெருமையெல்லாம் சேர்த்து, தட்டுத்தடுமாறும் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"அம்மம்மா, ஓப்பா ட்ரெயினைச் சுட கீழ வந்தவர். ஆனா ஒரு அம்மாவையும் பேபியையும் கண்டிட்டார். சுடேல்லை. திரும்பிப் போட்டார். எல்லாம் வடிவாத் தெரிஞ்சதாம். பேபின்ர கையில பாண் இருந்தது, அதுவும் தெரிஞ்சதாம்."

அம்மா பேத்தியின் கையைப் பிடித்தார்.

"பாணோ?"

"ஓம் அம்மம்மா. சின்னத் துண்டு."

"பிளேன் ஓடேக்கையோ?"

"ஓம்."

"அப்ப வெள்ளைச் சட்டை…" என்று தொடங்கிய அம்மா சுகந்தியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். நூறு பொய் அவளுக்கு வாயில் வந்தது; அது வேறு மாதிரிப் பிளேன், அது வேறு காலம், அன்றைக்கு முகில் கிடந்தது என்று. சுகந்தி சொல்லி அம்மா எந்தக் காலத்தில் நம்பினார்? அம்மா நம்பக்கூடிய பொய்யைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பெட்டிக்குள் இருந்தார்.

குழியடியில் டானியேல் முதலில் மண் போட்டான். மண்வெட்டியைக் கைக்குக் கை மாற்றுவதில்லை. ஒருவர் அதை மண்குவியலில் குத்திவிட்டு விலக, அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார். யாதவி போட்டாள். சுகந்தி போட்டாள். பலகையில் மண் விழும் சத்தம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அம்மா மண்வெட்டியைத் தொடவில்லை. குனிந்து கையாலேயே ஒரு பிடி அள்ளினார். குழியின் ஓரத்தில் போய் நின்று கீழே பார்த்தார்.

"போடுங்கோ அம்மா."

அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். ரபி மெல்லச் செருமினார்.

"அம்மா, அவர் உங்களுக்காகத்தான்…"

"எனக்கு விளங்குது பிள்ளை" என்றார் அம்மா. கோபமில்லாத குரல். அதுதான் சுகந்திக்குப் பயமாக இருந்தது. பிறகு அம்மா திரும்பி, வந்த பாதையாலேயே மெல்ல நடக்கத் தொடங்கினார்.

வாசலருகே ஒரு தண்ணீர்க் குழாய். இடுகாட்டைவிட்டுப் போகிறவர்கள் கை கழுவிவிட்டுத்தான் போகவேண்டும். யாதவி குவளையில் தண்ணீர் பிடித்து ஊற்றினாள். டானியேல் கழுவினான். சுகந்தி கழுவினாள்.

"அம்மம்மா, கையைத் தாங்கோ."

அம்மா கையை நீட்டினார். இறுக்கிப் பொத்திய கை. விரலிடுக்கில் மண் தெரிந்தது.

"விரியுங்கோ அம்மம்மா."

யாதவி ஊற்றிக்கொண்டிருந்தாள். முதலில் கலங்கலாக வழிந்த தண்ணீர் பிறகு தெளிவாக வழிந்தது. கை விரியவில்லை.