பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

சுனாமியில் புருஷனைப் பறிகொடுத்த மகேஸ்வரி, இரண்டு வருஷம் கழித்து, சிதம்பரத்தில் இருக்கும் தங்கச்சி சினேகாவோடு பேய்ப்படம் பார்க்கப் போனாள். படத்தில் ஒருத்தி விளக்கேற்றி, செத்துப்போன கணவனைப் பேர் சொல்லி அழைத்தாள். அவன் வந்து நின்றதும் கொட்டகையே அலறியது.

"உனக்குப் பயமா இல்லியாக்கா?" என்றாள் சினேகா.

"கூப்புட்டதும் வந்துட்டாரேடி," என்றாள் மகேஸ்வரி.

மறுநாள் கடலூரில், குப்பத்து வீட்டின் கதவைச் சாத்தி விளக்கேற்றினாள். குடும்பம் நடத்திய காலத்தில் ஒருதரம்கூட அவன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. கூச்சமாக இருந்தது. "பச்சமுத்து" என்று மெல்லக் கூப்பிட்டாள். பிறகு சத்தமாகவே கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு மிக்சி ஓடும் சத்தம்தான் கேட்டது.

கதவைச் சாத்தியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. எழுந்து போய்த் திறந்து வைத்துவிட்டு, மறுபடி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள்.